நீலப் பூப் போட்ட நைட்டி

குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்கள். அம்மா ஊதினாள். கணினித் திரையில் ஒரு கோடு கிளம்பி, மேலே ஏறப் பார்த்து, மனசு மாறியதைப்போல் பாதியிலேயே கவிழ்ந்தது.

இன்னொரு முறை என்றாள் பரிசோதனை அறைப் பெண். அம்மா ஊதினாள். கோடு மறுபடி கவிழ்ந்தது. அடுத்த முறை ஊதும்போது இருமல் வந்துவிட்டது. இருமி முடித்ததும் அம்மா அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள், ஏதோ அவள் வீட்டுப் பாத்திரத்தை உடைத்துவிட்டதைப்போல.

வாராவாரம் தவறாமல் படிப்பவர்களுக்கு இந்தக் குழாய் புதிதில்லை. நடுவில் நாலைந்து வாரம் விட்டுவிட்டு இப்போது வந்து உட்காருகிறவர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்கக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையது. ஊரில் முகம் தெரியாதவர்கள்கூட, கடையில் அவள் வாயைத் திறந்து அரை கிலோ என்றால் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரல் போன வருஷம் வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. வண்டியின் பெயரைச் சொல்லிவிட்டு நடைமேடையைச் சொல்வதற்குள் திணறியது. இப்போது அவள் நீண்ட விடுப்பில் இருக்கிறாள்.

காரணம், வீட்டில் வளரும் கறுப்புக் காக்கட்டூ. கிளி ஜாதிதான். ஆனால் காக்கையைவிடப் பெரியது. தலையில் விசிறிக் கொண்டை, இரண்டு கன்னத்திலும் இறகில்லாத சிவப்புத் தோல், கொட்டையை உடைக்கும் கொக்கி மூக்கு. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு எடுத்ததற்கெல்லாம் வாதாடுவதால் வீட்டில் அதற்கு வக்கீல் என்று பெயர். அந்தக் கறுப்பின்மேல் எந்நேரமும் சாம்பல் பூத்தாற்போல ஒரு பொடி படிந்திருக்கும். இறகைக் காப்பதற்காக அதன் உடம்பே உதிர்க்கும் பொடி. தொட்டால் மாவுபோல் ஒட்டும். அதுதான் வருஷக் கணக்கில் அம்மாவின் நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்து, அந்த இடத்தையெல்லாம் தழும்பாக்கியிருக்கிறது.

பறவையை உடனே அனுப்பிவிடுங்கள் என்றார் நுரையீரல் டாக்டர். அம்மா மாட்டேன் என்றாள். கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். மூன்று மாதம் அம்மா வக்கீல் பக்கமே போகக் கூடாது. அது பின்கட்டு அறையில் இருக்கும். அப்பா பார்த்துக்கொள்வார். அம்மாவுக்கு மூச்சு தேறினால் வக்கீல் அங்கேயே இருக்கலாம், அம்மா தூரத்திலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். தேறாவிட்டால் அது பறவைப் பண்ணைக்குப் போய்விட வேண்டும்.

இன்றைக்கு அந்த மூன்று மாதம் முடிகிறது.

டாக்டர் திரையைப் பார்த்தார். பழைய படத்தையும் பார்த்தார். தேறவில்லை, முன்பைவிட மோசம் என்றார். தழும்பு விழுந்த இடம் இனித் திரும்பாது, மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஆனால் இந்த வேகத்தில் போனால் காப்பாற்ற மிச்சம் இருக்காது என்றும் சொன்னார். பிறகு, பறவை இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு டாக்டர். ஆனா நான் கிட்டப் போகல."

டாக்டர் அம்மாவைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்த மகளைப் பார்த்தார்.

மகளை வீட்டில் இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. மோதி நொறுங்கிய கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, எது நிஜமாக அடிபட்டது, எது காசுக்காக அடிபட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அவளால் ஒரு மனிதர் சொல்வதை அப்படியே நம்ப முடிவதில்லை. நம்பினால் சம்பளம் வராது. வெளியூரிலிருந்து இதற்கென்றே விடுப்பு எடுத்து வந்திருந்தாள்.

டாக்டரின் பார்வை அவளுக்குப் புரிந்துவிட்டது. தினம் அவளே மற்றவர்களைப் பார்க்கும் பார்வைதான் அது.

வண்டியில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். மகள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஓட்டினாள். அம்மாவின்மேல் அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. பயத்தை எடுத்து வெளியே வைக்க அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கோபம் என்றால் கைவந்த கலை.

* * *

வீட்டுக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் வேலையை ஆரம்பித்தாள்.

பின்கட்டு அறைக் கதவின் கைப்பிடியைப் பார்த்தாள். பின்கட்டுக்குப் போகும் நடையில், பொடி வராமலிருக்க அவளே ஒட்டிவிட்டுப் போயிருந்த பிளாஸ்டிக் திரையைப் பார்த்தாள். ஓரம் எங்கும் பிரிந்திருக்கவில்லை. கூடம் சுத்தமாக இருந்தது. சமையலறை சுத்தமாக இருந்தது. படுக்கையறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் துணி மாட்டும் கொக்கி. அதன் கீழே சுவரில் வெளிர்ச் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு. விரலால் தொட்டாள், ஒட்டியது. கட்டிலுக்கு வந்து அம்மாவின் தலையணையைத் தட்டினாள். ஜன்னல் வெயிலில் பொடி மெதுவாகப் பறந்தது.

விரலை நீட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தாள்.

"இது என்னம்மா?"

அம்மா பார்த்தாள்.

"அப்பா வேலைக்குப் போனதும் பின்னாடி போறே. அவனைத் தூக்கி வெச்சுக் கொஞ்சுறே. வந்து அதே துணியோட படுக்குறே. அப்படித்தானே?"

"நான் அந்த ரூம் வாசலைக்கூட மிதிக்கல."

"பொய் சொல்லாதேம்மா. இதையேதான் நான் தினம் கேட்கிறேன். எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

அம்மா வீட்டில் மூன்று மாதமாகக் கிசுகிசுத்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். மூச்சு இல்லாததால் என்று மகள் நினைத்திருந்தாள். அதனால் இல்லை. குரல் கேட்டால் வக்கீல் தவித்துப்போகும் என்பதற்காக. ஊருக்கே கேட்கப் பேசியவள், தன் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்கவும் குரலை அடக்கிக்கொண்டு நடமாடினாள். இப்போது அந்தக் கட்டுப்பாடு உடைந்துவிட்டது.

"நான் போகலடி! சொன்னா சொன்னதுதான், நான் போகல!"

ஒலிபெருக்கிக்காகப் பழகிய குரல் அல்லவா, பாதி நுரையீரலிலும் சுவரில் மோதித் திரும்பியது.

உடனே பின்கட்டிலிருந்து சத்தம் கேட்டது. டக். டக். டக். டக்.

இந்த ஜாதியில் ஆண் பறவை ஒரு குச்சியைக் கடித்து அளவாக நறுக்கி, காலில் பிடித்துக்கொண்டு, மரத்தில் தட்டும். எல்லோருக்கும் தட்டாது, தன் ஜோடிக்கு மட்டும்தான் தட்டும். வக்கீல் தலைமேல் கொண்டையைப் பிரித்துக்கொண்டு, கன்னம் இன்னும் சிவக்க, குச்சியால் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கும் என்பதைக் கூடத்திலிருந்தே அம்மாவால் பார்க்க முடிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். டக், டக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் நின்று, பதில் வருகிறதா என்று கேட்டுவிட்டு, மறுபடி தட்டியது.

மகள் அப்பாவுக்கு போன் செய்தாள்.

* * *

அப்பா லிப்ட் மெக்கானிக். மகளின் போன் வந்தபோது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், நின்றுபோன லிப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்து கம்பிக் கயிற்றுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். கட்டையான உருவம், அகலமான தோள், எந்தப் பழைய நகைச்சுவைக்கும் முதலில் சிரித்துவிடுகிற ஆள். மோசமாகிவிட்டது என்று மகள் சொன்னதும் கையிலிருந்த துணி நழுவி இருட்டுக்குள் விழுந்தது.

வக்கீலை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். இதேபோல் ஒரு கட்டடத்தில் முறையான அனுமதியோடு காக்கட்டூ வளர்க்கும் ஒருவர் இருந்தார். எப்போதாவது ஒரே ஒரு முட்டை இடும் அந்தப் பறவை, பொரித்த குஞ்சைத் திரும்பியும் பார்க்கவில்லை. குஞ்சு சாகக் கிடந்தது. லிப்டைச் சரிசெய்யப் போன அப்பா அதை ஒரு தொப்பியில் வைத்துக் கொண்டுவந்தார். வளர்ப்பதற்கான அனுமதிக் கையெழுத்தும் காலில் அடையாள வளையமும் பிறகு வந்தன. அம்மா அதற்குப் பஞ்சணை போட்ட பெட்டி ஒன்று செய்து அறிவிப்பு அறைக்கே தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வண்டியைச் சொல்லிவிட்டு ஊசிக்குழாயால் ஒரு வாய் கூழ், அடுத்த வண்டியைச் சொல்லிவிட்டு அடுத்த வாய். ஒருநாள் ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டாள். குஞ்சு கத்தியது நிலையம் முழுக்கக் கேட்டு, இது எந்த வண்டியின் ஊதல் என்று பயணிகள் எட்டி எட்டிப் பார்த்தார்களாம்.

வளர்ந்ததும் வக்கீல் அம்மாவைத் தாயாக நினைக்கவில்லை. ஜோடியாக நினைத்தது. கையால் வளர்த்தால் இப்படித்தான் ஆகும் என்று பறவை டாக்டர் சொன்னார். எனக்கே ஒரு சக்களத்தன் வந்துட்டான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வக்கீல் வந்து அவர் காதைக் கடிக்கும். அதற்கும் சிரித்தார்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பேருந்தில் வந்துகொண்டிருக்கும்போது, அவ ஏன் தேறல, ஏன் தேறல என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டில் மகள் தன் குற்றச்சாட்டை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சுவரில் இருந்த படிவைக் காட்டினாள். தலையணையைக் காட்டினாள். அம்மா ஒரு நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் கடைசியாகக் கொக்கியில் தொங்கிய நைட்டியைக் கையுறை போட்டு எடுத்து வந்தாள். நீலப் பூப் போட்ட பழைய நைட்டி. அதை லேசாக உதறினாள். கூடம் முழுக்க மாவு மாவாகப் பறந்தது. மகள் சட்டென்று அம்மாவின் முகத்தை மூடினாள்.

"பார்த்தீங்களாப்பா? இதைப் போட்டுக்கிட்டுத்தான் போறாங்க."

அப்பாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"அது அவ இல்லம்மா" என்றார். "நான்."

மகளுக்குப் புரியவில்லை.

"அதைப் போட்டுக்கிட்டுப் போறது நான்."

அந்த வெட்கக்கேட்டை அவர் நின்றபடியே சொன்னார். அம்மா போவதை நிறுத்திய முதல் சில நாட்கள் வக்கீல் ஒரு கொட்டையைக்கூடத் தொடவில்லை. அப்பா நீட்டிய பாதாமை வாங்கி அவர் கண்ணெதிரிலேயே கீழே போட்டது. நெஞ்சு இறகைப் பிடுங்க ஆரம்பித்தது. செத்துவிடும் என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. அது செத்தால் இவளும் படுத்துவிடுவாள் என்று அதைவிடப் பெரிய பயம். ஒருநாள் விடியற்காலையில் அம்மா தூங்கும்போது அவள் நைட்டியை மாட்டிக்கொண்டார். அவளைப்போலத் தலையில் துண்டு கட்டினார். மகள் உத்தரவுப்படி முகக்கவசம் போட்டதில் மீசை மறைந்துவிட்டது. வாயைத் திறக்காமல் உள்ளே போனார். வக்கீல் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு இறங்கி வந்து தின்றது.

ஏமாந்ததா, போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்ததா என்பது வக்கீலுக்கே வெளிச்சம்.

"குளிச்சுட்டுத்தாம்மா உள்ள வருவேன். நீ சொன்னபடி சட்டை பேன்ட் எல்லாத்தையும் வெளியிலேயே ஊற வெச்சிடுவேன். ஒரு நாள் தவறினதில்ல. இதை மட்டும்..." நைட்டியைக் காட்டினார். "இதைக் காணோம்னா அவ தேடுவாளேன்னு கொக்கியிலேயே மாட்டிடுவேன். ஒரு தடவை துவைச்சேன். அன்னிக்கு அவன் கிட்டவே வரல. அப்புறம் துவைக்கல."

வேஷத்தை அவர் துணியென்றே நினைக்கவில்லை. உடுத்திய ஒவ்வொன்றையும் வெளியில் கழற்றிப் போட்டுவிட்டு, பொடியை மட்டும் பத்திரமாக எடுத்துவந்து பெண்டாட்டியின் தலைமாட்டில் மாட்டியிருக்கிறார். அதுவும் தினமும். அவள் மூச்சுக்காக அவளை வக்கீலிடமிருந்து பிரித்துவிட்டு, வக்கீலைக் கொண்டுவந்து அவள் மூச்சிலேயே சேர்த்திருக்கிறார்.

மகளுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. மீசைக்கார அப்பா பூப் போட்ட நைட்டியில் பாதாம் தட்டோடு நடக்கிற காட்சி. அடுத்த கணமே உதடு கோணி அழுதுவிட்டாள். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

அம்மா கையைக் காட்டித் தடுத்தாள்.

"அப்பாவை ஒண்ணும் சொல்லாதே. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"இவர் போட்டுக்கிட்டுப் போறது. தோள்பட்டையில தையல் விட்டிருந்துச்சு. எனக்கு எங்க அவ்வளவு தோளு? நான்தான் திரும்பத் தைச்சு மாட்டி வெச்சேன். அதைக்கூட இவர் கவனிக்கல."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தரையைப் பார்த்துத்தான் பேசினாள். இவர் வேலைக்குக் கிளம்பியதும் அந்த நைட்டியை எடுத்துத் தலையணைமேல் விரித்துப் படுப்பாளாம். மழை நனைந்த மரத்தின் வாசனை மாதிரி வக்கீலின் வாசனை அதில் இருக்குமாம். சாயங்காலம் இவர் வருவதற்குள் எழுந்து கொக்கியில் மாட்டிவிடுவாளாம்.

"பொடி இருக்குன்னு தெரிஞ்சேவா?" என்று கேட்டார் அப்பா.

"தெரிஞ்சுதான்."

"தெரிஞ்சே ஏன்டி?"

"மூணு மாசமா அவன் முகத்தைப் பார்க்கலைங்க. தொட்டுப் பார்க்கல. பக்கத்து ரூம்ல அவன் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான், நான் செத்த மாதிரி நடிச்சுக்கிட்டு இருக்கேன். வாசனையாவது இருக்கட்டுமேன்னு பார்த்தேன். இவ்வளவு செய்யும்னு நினைக்கல."

கல்யாணமான நாளிலிருந்து அப்பா அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"நான் இருக்கேனே, அது உனக்குப் போதலையா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவரிடமிருந்து அந்தக் கேள்வி வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. காதில் கடி வாங்கிக்கொண்டு சிரித்த மனிதர், உள்ளுக்குள் ஒரு மூலையில் இதை இத்தனை வருஷமாக வைத்திருந்திருக்கிறார். இருமத் தொடங்கியவள் நிறுத்த முடியாமல் இருமினாள். உதட்டோரம் நீலம் பாய்ந்தது. அப்பா ஓடிப்போய் முதுகைத் தாங்கிப் பிடித்தார். மகள், டாக்டர் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்த ஆக்சிஜன் உருளையின் திருகைத் திறந்து, முகமூடியை அம்மாவின் மூக்கில் வைத்து அழுத்தினாள். மூவரும் தரையில் ஒரு குவியலாக உட்கார்ந்திருந்தார்கள்.

இருமல் சத்தத்தைக் கேட்டுப் பின்கட்டில் வக்கீல் மறுபடி தட்ட ஆரம்பித்தது. இந்தத் தடவை யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மூச்சு திரும்பியதும் அம்மா முகமூடியை விலக்கிவிட்டு ஒரே ஒரு வாதத்தை வைத்தாள். இது கெட்டுப்போன பரீட்சை. பொடி நைட்டியால் வந்தது, அவனால் இல்லை. நைட்டியை எரித்துவிடலாம். இன்னொரு மூன்று மாதம் கொடுங்கள் என்றாள்.

வக்கீலை வளர்த்தவள் அல்லவா, வாதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நைட்டி இல்லாவிட்டால் அவன் தின்ன மாட்டான். நைட்டி இருந்தால், எங்கே ஒளித்து வைத்தாலும் இவள் தேடி எடுத்துவிடுவாள், பிழைக்க மாட்டாள். இது மூன்று பேருக்கும் தெரிந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் கெஞ்சும்போதே அழுதுவிட்டாள்.

"போன் போடும்மா" என்றார் அப்பா மகளிடம். "நான் பேசினா பாதியில வெச்சுடுவேன்."

* * *

பறவைப் பண்ணை டாக்டர் கனிவாகத்தான் பேசினார். நாளைக் காலை வண்டியோடு வருவதாகச் சொன்னார். பண்ணையில் துணையில்லாத பெட்டை ஒன்று இருக்கிறது, ஒருவேளை ஒத்துப்போகலாம், உறுதியில்லை என்றார். வக்கீலைப் போக்குவரத்துப் பெட்டிக்குள் அதற்கு நம்பிக்கையானவர்கள்தான் ஏற்ற வேண்டும் என்றும் சொன்னார். வலை போட்டுப் பிடித்தால் பயத்திலேயே சில பறவைகள் செத்துப்போகுமாம்.

கடைசியில் அவர் ஒன்று கேட்டார். மகள் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதற்குப் பதில் சொன்னாள்.

"இங்க வந்து சாப்பிடாம இருந்தான்னா நான் யாருக்குச் சொல்லட்டும்?"

"எனக்கு மட்டும் சொல்லுங்க, டாக்டர். வீட்டுக்குப் பண்ணாதீங்க."

திரும்பி வந்தபோது அம்மா கேட்டாள், ஒழுங்காச் சாப்பிடுறானான்னு அப்பப்ப விசாரிச்சுச் சொல்லுவியா என்று. சொல்கிறேன் என்றாள் மகள். பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு, தன் பொய் எத்தனை நாள் தாங்கும் என்று அந்த நிமிஷமே கணக்குப் போடத் தெரிந்திருந்தது. ஆனாலும் சொன்னாள்.

நம்பிக்கையானவர் யார் என்பதில்தான் சிக்கல். அப்பாவிடம் வக்கீல் வராது. நைட்டியிடம் வரும்.

"அதை மட்டும் செய்யாதீங்க" என்றாள் அம்மா. "என் துணியைப் போட்டுக்கிட்டு அவனைப் பெட்டியில ஏத்தாதீங்க. நான்தான் அவனை அனுப்பினேன்னு நினைச்சுக்குவான். சாகற வரைக்கும் அப்படித்தான் நினைப்பான்."

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலையைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. அம்மாவே நினைத்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவளும் நினைத்துப் பார்த்தாள். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, எழுந்து போய் மூட யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலத் தீனி வேளை வந்தது. மகள் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த நைட்டியைக் கொல்லைப்புறத்தில் கொண்டுபோய் அவிழ்த்தாள். பெட்டிக்குள் கொட்டையை வைத்து இன்றைக்கே கொஞ்சம் பழக்கிவிட்டால் காலையில் சுலபமாக இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா முகக்கவசத்தை மாட்டினார், நைட்டிக்குள் கையை நுழைத்தார், தலையில் துண்டைச் சுற்றினார். மகள் முதல்முறையாக அவரை அந்தக் கோலத்தில் பார்த்தாள். சிரிக்க வரவில்லை.

சமையலறை ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் அம்மா வந்து நின்றாள். கண்ணாடி இறுக்கிச் சாத்தியிருந்தது. அவள் விரலால் தட்டினாள். அப்பா திரும்பினார். வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்து நைட்டியைக் கழற்றப் போனார்.

அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். கண்ணாடியில் வாயை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, வக்கீலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"கழுத்துப் பித்தானைப் போட்டுக்காதீங்க. நான் போட மாட்டேன், அவனுக்குத் தெரியும்."

அப்பா பித்தானைக் கழற்றினார்.

"தட்டை இடது கையில பிடிங்க. அவசரமாப் போகாதீங்க. வாசல்ல ஒரு நிமிஷம் நில்லுங்க, அவனா இறங்கி வருவான்."

அவர் தட்டை இடது கைக்கு மாற்றினார்.

"நாளைக்குப் பெட்டியைச் சாத்தினதும்..." அம்மாவுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. கண்ணாடி அவள் மூச்சில் மங்கியது. கையால் துடைத்துவிட்டு மீண்டும் வாயைக் கொண்டுபோனாள்.

"சாத்தினதும் உடனே போயிடாதீங்க. ஒரு தடவை திரும்பி அவனைப் பாருங்க. நான் எப்பவும் பார்ப்பேன்."